கோ ஆட்டத்தில் மூலைத் தொடக்க வரிசைகளைப் பயில்வது எப்படி?

கறுப்பு, வெள்ளைக் கற்களை வைத்து ஆடும் கோ ஆட்டத்தின் விதிகளைக் கற்றுக்கொண்டு, சிறிய பலகைகளில் ஆடிப் பழகி, 19 கோடுகள் கொண்ட முழுப் பலகைக்கு வந்து சேரும் ஒருவருக்கு முதலில் எழும் தடுமாற்றம், எங்கே தொடங்குவது என்பதுதான். 361 புள்ளிகளும் காலியாக இருக்கின்றன. அவற்றுள் மூலைகளே முதலில் நிரம்புவதற்குக் காரணம் உண்டு: மூலையில் பலகையின் இரண்டு விளிம்புகள் ஏற்கெனவே எல்லையாக அமைந்திருப்பதால், மிகக் குறைந்த கற்களைக் கொண்டு அங்கே நிலப்பரப்பை அடைக்க முடிகிறது; ஓரத்தில் அதே அளவு நிலத்துக்குக் கூடுதல் கற்கள் தேவைப்படுகின்றன; நடுப்பலகையில் அதனினும் கூடுதல். ஆகவே இரு தரப்பினரும் மூலையிலேயே முதலில் மோதிக்கொள்கிறார்கள். அந்த மோதல்களில் இருவருக்கும் ஏறத்தாழச் சமமான பலனைத் தரும் என்று பல தலைமுறை ஆட்டக்காரர்கள் ஆடிப் பார்த்து ஏற்றுக்கொண்ட வரிசைகளை ஜப்பானில் ஜோசெகி என்கிறார்கள். கொரியாவில் ஜொங்சொக், சீனாவில் திங்ஷி. உலகின் பிற பகுதிகளில் ஜப்பானியச் சொல்லே பரவியிருப்பதால் இக்கட்டுரையிலும் அதுவே ஆளப்படுகிறது.

ஜோசெகியைக் கற்றால் இரண்டு கல் அளவுக்குப் பலம் குறையும் என்றொரு பழமொழி கோ ஆட்டக்காரர்களிடையே உண்டு. வரிசையை மனப்பாடம் செய்தவர், எதிராளி வரிசையை விட்டு விலகிய கணத்தில் திகைத்து நிற்பார் என்பதே அதன் பொருள். அந்த எச்சரிக்கை ஜோசெகியைப் பற்றியது அன்று, அதைப் பயிலும் முறையைப் பற்றியது என்றே நான் கருதுகிறேன். ஒவ்வொரு கல்லும் ஏதோ ஒரு கேள்விக்கு விடையாக வைக்கப்படுகிறது. அந்தக் கேள்வி தெரிந்திருந்தால் வரிசை மறந்துபோனாலும் பலகை முன் அமர்ந்தே அதை மீண்டும் கண்டுபிடித்துவிடலாம். கேள்வி தெரியாமல் விடைகளை மட்டும் நினைவில் வைத்திருப்பவருக்கு ஒரு கல் இடம் மாறினாலே எல்லாம் குழம்பிவிடும்.

தொடங்குவதற்கு முன் வேண்டியவை

கற்களைச் சூழ்ந்து பிடிப்பது, ஒரே ஒரு மூச்சுப்புள்ளி (கற்களை ஒட்டிய காலிப் புள்ளி) மட்டும் எஞ்சியிருக்கும் அட்டாரி நிலையை உடனே காண்பது, ஒரு குழு உயிர்வாழ இரண்டு கண்கள் (அக்குழு சூழ்ந்து வைத்திருக்கும் காலி இடங்கள்) வேண்டும் என்பது, ஏணிப்படி போலச் சாய்வாக ஓடும் பிடிப்பு எப்போது பலிக்கும், எப்போது பலிக்காது என்பது ஆகிய நான்கும் கைவந்திருக்க வேண்டும். 9 கோட்டுப் பலகையிலும் 13 கோட்டுப் பலகையிலும் சில பத்து ஆட்டங்களாவது ஆடியிருப்பது நல்லது. அட்டாரியைக் கவனிக்காமல் கற்களை இழந்துகொண்டிருக்கும் நிலையில் ஜோசெகி பயில்வதால் எந்தப் பயனும் இல்லை. அந்த நேரத்தை உயிர்–மரணப் புதிர்களில் செலவிடுவதே பலன் தரும்.

புள்ளிகளைக் குறிக்கும் முறையையும் இங்கேயே வரையறுத்துக்கொள்வோம். உங்களுக்கு எதிரே இருக்கும் பலகையின் கீழ் இடது மூலையை எடுத்துக்கொள்ளுங்கள். இடது விளிம்புக் கோட்டை 1 எனக் கொண்டு வலப்புறமாக எண்ணும் எண் முதலில் வரும்; கீழ் விளிம்புக் கோட்டை 1 எனக் கொண்டு மேல்நோக்கி எண்ணும் எண் அடுத்து வரும். ஆக, 6-3 என்றால் இடமிருந்து ஆறாவது கோடும் கீழிருந்து மூன்றாவது கோடும் சந்திக்கும் புள்ளி. கீழே வரும் வரிசைகளைக் கண்ணால் மட்டும் வாசித்துச் செல்லாமல், பலகையிலோ திரையிலோ கற்களை வைத்தபடியே வாசிக்க வேண்டும். பலகை இல்லாதவர்கள் அட்டையில் கோடு போட்டு இரு நிறப் பொத்தான்களை வைத்துக்கொண்டாலும் போதும்.

முதற்படி: மூலையின் புள்ளிகளை அறிதல்

மூலையில் முதல் கல்லை வைக்கப் பழக்கத்தில் உள்ள புள்ளிகள் ஐந்து: 4-4, 3-4, 3-3, 5-3, 5-4. இவற்றுள் கடைசி இரண்டும் வெளிப்புறத்தையும் ஓரத்தையும் நோக்கியவை; மூலையை எதிராளிக்கு ஓரளவு விட்டுக்கொடுத்து வேறொன்றைப் பெறும் திட்டமுள்ளவர்களுக்கு உரியவை. புதியவர்கள் அவற்றை இப்போதைக்கு ஒதுக்கிவிடலாம். 3-3 புள்ளி ஒரே கல்லில் மூலையை உறுதி செய்கிறது, ஆனால் தாழ்வாக அமர்ந்துவிடுகிறது.

உங்கள் ஆட்டங்களில் பெரும்பாலும் வரப்போகிறவை 4-4 புள்ளியும் 3-4 புள்ளியுமே. பலகையில் நட்சத்திரப் புள்ளியாகக் குறிக்கப்பட்டிருக்கும் 4-4, இரு ஓரங்களையும் நடுவையும் சமமாக நோக்குகிறது. ஒரே கல்லில் மூலையை விட்டு வேறிடம் செல்ல இடம் தருகிறது. அதற்கு ஈடாக, அதன் அடியில் 3-3 புள்ளி எப்போதும் திறந்தே கிடக்கிறது. 3-4 புள்ளியோ ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதற்குத் துணையாக 5-3 புள்ளியில் இன்னொரு கல் வைத்துவிட்டால் மூலை மூடப்பட்டுவிடும் என்பதால், அதற்கு முன்பே எதிராளி நெருங்க வேண்டியிருக்கிறது. பலம் குறைந்தவருக்கு முன்கூட்டியே கற்கள் கொடுத்து ஆடும் ஆட்டங்களில் அக்கற்கள் வழக்கமாக நட்சத்திரப் புள்ளிகளிலேயே வைக்கப்படுவதால், புதியவர்கள் 4-4 வரிசைகளை முதலில் கற்பதே பொருத்தம்.

எந்தப் புள்ளி சிறந்தது என்ற தீர்ப்பு காலந்தோறும் மாறி வந்திருக்கிறது. எடோ ஆட்சிக் காலத்து ஜப்பானில், ஹொனின்போ என்ற புகழ்பெற்ற கோ மரபைச் சேர்ந்த ஹொனின்போ ஷூசாகு (1829–1862) போன்றோர் ஆடிய நாள்களில், 3-4 புள்ளியே மூலையின் இயல்பான தொடக்கமாகக் கருதப்பட்டது. 1933-இல் இளைஞர்களான கோ செய்கென்னும் கிதானி மினோருவும் புதிய தொடக்க முறையை முன்வைத்தபோது நட்சத்திரப் புள்ளிக்குப் பெரும் மதிப்பு வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஹொனின்போ ஷூசாயுடன் ஆடத் தொடங்கிய புகழ்பெற்ற ஆட்டத்தில், கறுப்புக் கற்களைக் கொண்டிருந்த கோ செய்கென் முதல் மூன்று கற்களை 3-3, 4-4, பலகையின் நடுப்புள்ளி என்று வைத்தார். ஹொனின்போ மரபில் 3-3 விலக்கப்பட்ட புள்ளியாக இருந்ததால் அது பெரும் பரபரப்பை உண்டாக்கியது. அவ்வாட்டத்தில் ஷூசாய் இரண்டு புள்ளி வேறுபாட்டில் வென்றார். புள்ளிகளின் மதிப்பே இவ்வாறு மாறும்போது, அவற்றின் மேல் எழுந்த வரிசைகளும் மாறாமல் இருக்க இயலாது என்பதை மட்டும் இங்கே மனத்தில் கொண்டால் போதும்.

இரண்டாம் படி: ஒரே ஒரு வரிசையை முழுதாக அறிதல்

கறுப்பு 4-4 புள்ளியில் இருக்கிறது. வெள்ளை 6-3 புள்ளியில் நெருங்குகிறது. கறுப்பு 3-6. வெள்ளை 4-2 புள்ளிக்குச் சறுக்குகிறது. கறுப்பு 3-3. வெள்ளை 9-3. இவ்வளவுதான், ஆறு கற்கள். இப்போது கறுப்பு வேறிடத்தில் ஆடலாம், அதாவது முன்முயற்சி கறுப்பின் கையில் இருக்கிறது. இந்த முன்முயற்சியைச் செண்டே என்பார்கள். மூலை வரிசைகளை மதிப்பிடும்போது, பெற்ற நிலத்துக்கு இணையாக இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி ஒவ்வொரு கல்லுக்கும் உரிய கேள்வியைத் தேடுவோம். வெள்ளை ஏன் 6-3 புள்ளியில் நெருங்குகிறது? கறுப்பு கீழ் ஓரத்தில் இன்னொரு கல்லை வைத்து மூலையையும் ஓரத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்வதைத் தடுக்க. கறுப்பு ஏன் 3-6 புள்ளியில் வைக்கிறது? கீழ் ஓரம் வெள்ளையின் வசம் போவதால் இடது ஓரத்தில் தன் பங்கைப் பெறவும், 4-4 கல் தனித்து நின்று இரு பக்கமும் நெருக்கப்படாமல் இருக்கவும். வெள்ளையின் 4-2 சறுக்கல் மூலையில் கறுப்பின் நிலத்தைக் குறைப்பதோடு, வெள்ளைக் கற்கள் தங்குவதற்கு வேண்டிய அடித்தளத்தையும் தேடுகிறது.

அடுத்து வரும் 3-3 இந்த வரிசையின் மையம். இதை விளங்கிக்கொள்ள ஒரே வழி, அந்தக் கல்லை வைக்காமல் விட்டுப் பார்ப்பதுதான். கறுப்பு வேறிடம் சென்றுவிட்டதாக வைத்துக்கொண்டு, 3-3 புள்ளியில் ஒரு வெள்ளைக் கல்லை வைத்துப் பாருங்கள். மூலை முழுவதும் வெள்ளையாகிவிடுகிறது. 4-4, 3-6 ஆகிய இரு கறுப்புக் கற்களும் கண்களுக்கு இடமில்லாமல் நடுவை நோக்கி ஓட வேண்டிய கற்களாகிவிடுகின்றன. ஆகவே அந்த ஒரு புள்ளி இரு தரப்புக்கும் நிலம், அடித்தளம் ஆகிய இரண்டையும் ஒருங்கே தருவது. அதேபோல் கடைசிக் கல்லான 9-3 புள்ளியை வெள்ளை வைக்காமல் விட்டால், கறுப்பு ஏறத்தாழ அதே இடத்தில் வந்து, வெள்ளையை மறுபக்கத்திலிருந்தும் நெருக்கி இடுக்கிப் பிடிக்கும். 6-3, 4-2 ஆகிய கற்களுக்கு இடையே இரண்டு கண்கள் அமையப் போதிய இடமில்லாததால் வெள்ளை ஓடத் தொடங்கும், துரத்திக்கொண்டே கறுப்பு ஏதேனும் ஒரு பக்கம் நிலம் சேர்க்கும். 6-3 கல்லுக்கும் 9-3 கல்லுக்கும் இடையே இரண்டு புள்ளிகள் காலியாக இருப்பதும் தற்செயல் அன்று. மூன்றாம் கோட்டில் தனிக் கல்லிலிருந்து இரண்டு புள்ளி விட்டு விரிந்தால், அருகில் எதிராளியின் கற்கள் குவியாத வரை, அவ்விரு கற்களையும் எளிதில் துண்டிக்க முடியாது. மூன்று புள்ளி விட்டால் இடையில் நுழைய இடமுண்டு.

இந்த அளவுக்கு ஒரு வரிசையைப் பிரித்துப் பார்த்தவருக்கு அது மறக்காது. மறந்தாலும் கவலையில்லை. தொழில்முறை ஆட்டக்காரர்கள் இன்று 4-2 சறுக்கலை உடனே ஆடுவது முன்னைவிடக் குறைந்துவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அடித்தளம், விரிவு, செண்டே ஆகிய மூன்றையும் ஆறே கற்களில் கற்றுத்தரும் வரிசை வேறொன்று எளிதில் கிடைக்காது என்பதால் இதையே முதல் பாடமாக வைக்கிறேன்.

மூன்றாம் படி: 3-3 நுழைவு

கறுப்பு 4-4. வெள்ளை நேராக 3-3 புள்ளியில் நுழைகிறது. கறுப்பு 4-3 புள்ளியில் தடுக்கிறது. வெள்ளை 3-4, கறுப்பு 3-5, வெள்ளை 2-5, கறுப்பு 3-6. பழைய முறைப்படி இதன்பின் வெள்ளை 4-2, கறுப்பு 5-2, வெள்ளை 3-2, கறுப்பு 5-3 என்று தொடரும். வெள்ளைக்கு மூலை நிலமும் செண்டேயும். கறுப்புக்கு வெளியே பார்த்து நிற்கும் சுவர்.

இதில் புதியவர்கள் கற்க வேண்டிய முதன்மையான பாடம் இரண்டாம் கல்லிலேயே இருக்கிறது. கறுப்பு 4-3 புள்ளியிலும் தடுக்கலாம், 3-4 புள்ளியிலும் தடுக்கலாம். மூலையை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பங்கள்; பலகை முழுவதையும் பார்த்தால் ஒன்று சரி, மற்றது தவறு. கீழ் ஓரத்தில் கறுப்புக்கு ஏற்கெனவே ஒரு கல் இருந்தாலோ, அப்பக்கம் அகன்று காலியாக இருந்தாலோ 4-3 புள்ளியில் தடுக்க வேண்டும். இடது ஓரம் அவ்வாறு இருந்தால் 3-4. சுவர் எழுப்புகிறவர், அந்தச் சுவர் எதைப் பார்த்து நிற்கப் போகிறது என்று முதல் கல்லை வைக்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். எதிராளியின் வலிமையான கற்களைப் பார்த்து நிற்கும் சுவரால் ஒரு புள்ளி நிலமும் வராது.

வெள்ளை 2-5 புள்ளியில் வைத்தபின் கறுப்பு ஏன் 3-6 புள்ளிக்கு நீள வேண்டும் என்பதையும் முன்போலவே விட்டுப் பார்த்து அறியலாம். அங்கே வெள்ளை வைத்தால் 3-5 கல் அட்டாரியாகிவிடும். அதைக் கறுப்பு 4-5 புள்ளியில் இணைத்துக் காப்பாற்றினாலும், வெள்ளை வெளியே வந்துவிட்டதால் சுவர் உடைந்துவிடும். 3-6 புள்ளிக்குப் பதிலாக 2-6 புள்ளியில் எதிர்த்து மடக்கும் வரிசையும் உண்டு. அதில் துண்டிப்புகள் நேர்வதால் அதை அடுத்த சுற்றுக்குத் தள்ளிவைப்பது நல்லது.

கணினியின் வருகையால் மிகப் பெரிய மாற்றம் கண்ட வரிசையும் இதுவே. ஆட்டத்தின் தொடக்கத்திலேயே 3-3 புள்ளியில் நுழைவது எதிராளிக்கு வலிமையான சுவரைப் பரிசாகக் கொடுப்பது என்று பல தலைமுறை ஆசிரியர்கள் கற்பித்து வந்தார்கள். 2016 மார்ச்சில் தென்கொரியாவின் முன்னணி ஆட்டக்காரர் லீ செடோலை 4-1 என்று வென்ற ஆல்ஃபாகோ நிரலின் மேம்பட்ட வடிவம், 2016 டிசம்பர் இறுதியிலும் 2017 ஜனவரித் தொடக்கத்திலும் இணையத்தில் முன்னணி ஆட்டக்காரர்களுடன் ஆடிய 60 ஆட்டங்களிலும் வென்றது. அவற்றுள் சில ஆட்டங்களில் அது மிக முன்னதாகவே 3-3 புள்ளியில் நுழைந்தது. ஆனால் பழைய வரிசையை அப்படியே ஆடவில்லை. 4-2, 5-2, 3-2, 5-3 என்ற கடைசி நான்கு கற்களின் பரிமாற்றத்தைச் செய்யாமலேயே வேறிடத்துக்குச் சென்றது. அந்தப் பரிமாற்றம் வெள்ளையின் மூலையை உறுதிப்படுத்துவதுபோலத் தோன்றினாலும், கறுப்பின் சுவரில் இருந்த ஓட்டையையும் அடைத்துக்கொடுக்கிறது. அதை விட்டுவிட்டால் சுவர் முன்பு எண்ணியதுபோல் அத்தனை வலிமையானதாக இல்லை. நூறு நூல்களில் அச்சாகியிருந்த வரிசையில் கடைசி நான்கு கற்களுக்குரிய கேள்வியை யாரும் போதிய அளவு கேட்கவில்லை என்பதுதான் இதிலிருந்து தெரிகிறது. இன்று முன்னதான 3-3 நுழைவு எல்லா நிலை ஆட்டங்களிலும் சாதாரணமாகக் காணப்படுவதால், புதியவர்களுக்கும் இது தவிர்க்க இயலாத பாடம்.

நான்காம் படி: 3-4 புள்ளியில் ஒரு வரிசை

கறுப்பு 3-4 புள்ளியில் இருக்கிறது. வெள்ளை 5-4 புள்ளியில் உயரமாக நெருங்குகிறது. கறுப்பு அதன் அடியில் 5-3 புள்ளியில் ஒட்டுகிறது. வெள்ளை 6-3 புள்ளியில் மடக்குகிறது. கறுப்பு 4-3 புள்ளிக்குப் பின்வாங்குகிறது. வெள்ளை 6-4 புள்ளியில் இணைக்கிறது. கறுப்பு இடது ஓரத்தில் 3-6 புள்ளிக்கோ 3-7 புள்ளிக்கோ முன்னேறுகிறது. வெள்ளை கீழ் ஓரத்தின் நடுவில், 10-3 அல்லது 10-4 புள்ளிக்கு விரிகிறது.

இங்கே கேள்விகள் மிகத் தெளிவாக இருக்கின்றன. வெள்ளை 6-4 புள்ளியில் இணைக்காவிட்டால் கறுப்பு அதே புள்ளியில் வைத்து 5-4 கல்லையும் 6-3 கல்லையும் துண்டித்துவிடும். இரண்டையும் ஒருசேரக் காப்பது வெள்ளைக்குக் கடினம். கறுப்பு இடது ஓரத்தில் முன்னேறாவிட்டால் வெள்ளை அப்பக்கத்திலிருந்து அழுத்தி, கறுப்பை மூலைக்குள் அடைத்துவிடும். வெள்ளை கீழ் ஓரத்தில் விரியாவிட்டால் அதன் மூன்று கற்களும் அடித்தளமின்றி நிற்கும். தனிக் கல்லிலிருந்து இரண்டு புள்ளியே விட வேண்டும் என்று முன்பு பார்த்தோம். இங்கே 6-3, 6-4 என்று இரண்டு கற்கள் செங்குத்தாக நிற்பதால் வெள்ளை மூன்று புள்ளி விட்டு 10-ஆம் கோடு வரை செல்ல முடிகிறது. ஒரு வரிசையில் கற்றது இன்னொரு வரிசையில் இவ்வாறு கைகொடுக்கும்.

கீழ் ஓரத்தின் நடுவில் கறுப்புக்கு ஏற்கெனவே ஒரு கல் இருக்குமானால் வெள்ளையின் கடைசி விரிவுக்கு இடமில்லை. அப்படிப்பட்ட பலகையில் வெள்ளை இந்த வரிசையைத் தேர்ந்தெடுத்தால், ஒவ்வொரு கல்லும் நூலில் உள்ளபடியே இருந்தாலும் வெள்ளைக்கு நட்டம்தான். ஜோசெகி சமமானது என்பது அந்த மூலையளவில் மட்டுமே உண்மை. ஆகவே முதல் கல்லை வைக்கும் முன் மற்ற மூன்று மூலைகளையும் ஒருமுறை பார்க்கும் பழக்கத்தை இந்தப் படியிலேயே வளர்த்துக்கொள்ள வேண்டும்: பக்கத்து மூலைகளில் யாருடைய கல் இருக்கிறது, எந்த ஓரம் அகன்றிருக்கிறது, வரிசையில் ஏணி தோன்றுமானால் அது ஓடும் பாதையில் யாருடைய கல் நிற்கிறது. ஏணி பலிக்குமா என்பதைப் பொறுத்துச் சரியாகவும் தவறாகவும் மாறும் வரிசைகள் 3-4 புள்ளியில் நிறைய உண்டு.

ஐந்தாம் படி: விலகல்களைப் பயிலுதல்

உங்கள் நிலையில் ஆடும் எதிராளி பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது கல்லிலேயே வரிசையை விட்டு விலகிவிடுவார். ஆகவே பயிற்சி நேரத்தில் பாதிக்கு மேல் விலகல்களுக்கே ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் கருத்து. முறை எளிது. வரிசையில் ஏதேனும் ஒரு கல்லை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக மனத்தில் தோன்றும் வேறொரு கல்லை எதிராளியின் சார்பில் வைத்து, இப்போது என்ன செய்வது என்று சிந்திக்க வேண்டும்.

விலகலைக் கண்டவுடன் தண்டித்தே தீர வேண்டும் என்று துடிப்பதுதான் புதியவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் கோளாறு. சில விலகல்களுக்கு மட்டுமே கடுமையான பதிலடி உண்டு. மேலே கண்ட 6-4 துண்டிப்பு அத்தகையது. பெரும்பாலான விலகல்களால் எதிராளிக்குச் சற்றே குறைவான பலன் கிடைக்கிறது, அவ்வளவே. முதல் வரிசையில் வெள்ளை 4-2 புள்ளிக்குச் சறுக்கியபின் 9-3 விரிவை மறந்து வேறு மூலைக்குச் சென்றால், உடனே இடுக்கிப் பிடிப்பதும் சரி, அதைவிடப் பெரிய இடம் வேறெங்காவது இருந்தால் அங்கே வைத்துவிட்டு இந்த வாய்ப்பைப் பின்னால் பயன்படுத்துவதும் சரி. இன்னொன்றையும் இங்கே சேர்த்துச் சொல்லலாம்: வெள்ளை 6-3 புள்ளியில் நெருங்கும்போது கறுப்பு 3-6 புள்ளிக்குப் பதிலாகக் கீழ் ஓரத்தில் 8-3 புள்ளியில் இடுக்கிப் பிடித்தால், வெள்ளைக்கு எளிய பதில் 3-3 புள்ளியில் நுழைவதே. அதாவது முதல் வரிசையின் விலகல் ஒன்று உங்களை இரண்டாம் வரிசையின் வாசலுக்குக் கொண்டுவந்து விடுகிறது. வரிசைகளைத் தனித்தனியே எண்ணிக்கை கூட்டிக் கற்பதைவிட, இவ்வாறு ஒன்றோடொன்று இணையும் இடங்களைக் கற்பது விரைவாகப் பலன் தரும்.

ஒரே வரிசையை நான்கு மூலைகளிலும், ஒவ்வொரு மூலையிலும் இரு திசைகளிலுமாக எட்டு விதமாக ஆடிப் பார்க்கவும் வேண்டும். வலது மேல் மூலையில் தெரிந்த வரிசை இடது கீழ் மூலையில் வந்தால் அடையாளம் தெரியாமல் போவது புதியவர்களுக்கு இயல்பானது. எட்டு விதமாகப் பழகினால் அது விரைவில் நீங்கும்.

ஆறாம் படி: நிரல்களையும் தொகுப்புகளையும் பயன்படுத்துதல்

ஆன்லைன் கோ சர்வர் தளத்தில் உள்ள ஜோசெகித் தேடல் பகுதி, ஜோசெகிபீடியா போன்ற இலவசத் தொகுப்புகளில் ஒவ்வொரு கல்லாக வைத்துப் பார்த்து, அடுத்து வரக்கூடியவற்றையும் அவற்றைப் பற்றிய குறிப்புகளையும் அறியலாம். 2019 முதல் இலவசமாகக் கிடைக்கும் கட்டாகோ என்ற வலிமையான நிரலை, கட்ரெய்ன் போன்ற இடைமுகத்தின் வழியாகச் சாதாரணக் கணினியிலேயே இயக்கலாம். அது வெற்றி வாய்ப்பைச் சதவீதமாகக் காட்டுவதோடு, எத்தனை புள்ளி முன்னணி என்பதையும் மதிப்பிட்டுக் காட்டுவதால் புதியவர்களுக்கு மிகவும் ஏற்றது.

ஆனால் நிரலிடம் எதைக் கேட்பது என்பதில் கவனம் வேண்டும். எந்தக் கல் சிறந்தது என்று கேட்டால் அது ஒரு புள்ளியைக் காட்டிவிட்டு மௌனமாகிவிடும், காரணம் சொல்லாது. மாறாக, உங்களுக்கு நியாயமாகத் தோன்றிய கல்லை வைத்து, அதற்கு நிரல் தரும் பதிலைப் பாருங்கள். அந்தப் பதிலுக்கும் உங்கள் மறுமொழியை வையுங்கள். நான்கைந்து கற்களுக்குள் உங்கள் கல்லின் குறை பலகையில் கண்கூடாகத் தெரிந்துவிடும். இரு தேர்வுகளுக்கிடையே அரைப் புள்ளி, ஒரு புள்ளி வேறுபாடு காட்டப்பட்டால் அதைப் பொருட்படுத்தாமல், பின்தொடர உங்களுக்கு எளிதான தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். நடு ஆட்டத்தில் ஒரே கல்லில் பத்து, இருபது புள்ளிகளை இழக்கும் நிலையில் உள்ளவர் மூலையில் அரைப் புள்ளிக்காகக் கடினமான வரிசையைத் தேர்வது வீண் சுமை.

பழைய ஜோசெகி நூல்களை எறிந்துவிட வேண்டியதில்லை. எந்த வரிசை யாருக்குச் சாதகம் என்று அவை சொல்லும் தீர்ப்புகளில் பல இன்று செல்லாமல் போயிருந்தாலும், ஒவ்வொரு கல்லுக்கும் அவை தரும் விளக்கமும், தவறான பதில்களைத் தண்டிக்கும் முறைகளும் இன்றும் பொருந்துகின்றன. நிரல் தராத சொற்களை நூல் தருகிறது. நூல் தவறவிட்ட தீர்ப்பை நிரல் தருகிறது.

ஏழாம் படி: சொந்த ஆட்டங்களிலிருந்து கற்றல்

அடுத்து எந்த வரிசையைப் படிப்பது என்பதை நூலின் பொருளடக்கம் தீர்மானிக்கக் கூடாது. நீங்கள் ஆடிய ஆட்டம் தீர்மானிக்க வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் பதிவுக் கோப்பைத் திறந்து, நான்கு மூலைகளில் உங்களுக்கு மிகவும் தயக்கம் தந்த ஒன்றை மட்டும் தேர்ந்து, தொகுப்பிலோ நிரலிலோ ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கே விலகினீர்கள், அந்த இடத்தில் கேள்வி என்னவாக இருந்தது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வரிசை முழுவதையும் எழுத வேண்டியதில்லை. ‘சறுக்கலுக்குப் பின் 3-3 இருவருக்கும் அடித்தளம்’ என்பதுபோல் காரணத்தை எழுதினால் போதும். நான்கு மூலைகளையும் ஒரே நாளில் ஆராய முற்பட்டால் எதுவும் தங்காது. கற்ற வரிசையைப் பார்க்காமல் ஆடிக் காட்ட முடிகிறதா என்று சில நாள் இடைவெளி விட்டுச் சோதித்துக்கொள்வதும் அவசியம்.

இப்போதைக்கு விட்டுவிட வேண்டியவை

சில வரிசைகள் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிபவை. 3-4 புள்ளியில் மேலே கண்ட வரிசையில், கறுப்பு 5-3 புள்ளியில் ஒட்டியதும் வெள்ளை 6-3 புள்ளியில் மடக்காமல் 4-4 புள்ளியில் அழுத்தினால், பனிச்சரிவு என்று பெயர் பெற்ற நடாரே வரிசை தொடங்கிவிடும். 1957-இல் கோ செய்கென் அதில் உட்புறமாகத் திரும்பும் ஒரு புதிய கல்லை ஆடியதும், முடிந்துபோனதாகக் கருதப்பட்ட ஆராய்ச்சி மீண்டும் திறந்துகொண்டது. 5-3 புள்ளியிலிருந்து எழும் தைஷா வரிசையும் இதே வகையைச் சேர்ந்தது. ஒரு கல் பிசகினால் மூலை முழுவதும் போய்விடும் இத்தகைய வரிசைகளைப் புதியவர்கள் கற்பதைவிடத் தவிர்க்கக் கற்பது மேல். எதிராளி 5-3 புள்ளியில் வைத்தால், 3-4 புள்ளியில் நெருங்காமல் 4-4 புள்ளியிலோ 3-3 புள்ளியிலோ வையுங்கள்; தைஷா எழாது. உங்கள் 3-4 கல்லை வெள்ளை 5-4 புள்ளியில் நெருங்கும்போது நடாரேயை விரும்பாவிட்டால், அடியில் ஒட்டுவதற்குப் பதிலாக 5-5 புள்ளியில் மேலிருந்து ஒட்டும் வரிசையைக் கற்று வைத்துக்கொள்ளலாம். அதில் வெளிப்புறச் செல்வாக்கு உங்களுக்கும் மூலையின் பெரும்பகுதி வெள்ளைக்கும் போகும் என்பதால், இடது ஓரம் உங்களுக்கு அகன்று கிடக்கும் ஆட்டங்களில் அது நன்கு பொருந்தும்.